பதினொரு நொடி

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல, என் தங்கையுடையது. "யார்கிட்டயும் சொல்லாதேண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். எழுதுகிறவனிடம் ரகசியம் சொல்வது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது மாதிரி என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், அவள் தன்னந்தனியாக"

வேண்டாம். இப்போதே பேய்க்கதை வாடை அடிக்கிறது.

"மறதியும் ஒரு வரம்தான்"

பொய். அடித்துவிட்டேன்.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: அவள் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டுகளைச் சோதித்து, ஓடலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள்.

2

அவளுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, இருப்பதை முப்பத்து நாலு வயதில்தான் ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை வீட்டில் அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'திமிர்'. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதவுக் கீலைக் கழற்ற உட்கார்ந்துவிடுவாள். பேச ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். மீதியை நாங்கள்தான் ஊகிக்க வேண்டும்.

(முதல் வரைவில் இவளைக் கவனக்குறைவானவளாக எழுதியிருந்தேன். அது அநியாயம். ஓடும் லிஃப்டில் நின்று, காதால் கேட்டே எந்தக் கம்பி தேய்கிறது என்று சொல்லுவாள். அவளுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்கு அது வருவதில்லை, அவ்வளவுதான்.)

ஒரு அறிக்கையில் ஒரு வரி விட்டுப்போனதற்கு அலுவலகம் அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தது. இன்னொரு முறை நடந்தால் உரிமம் ரத்து. அப்போதுதான் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி அவள் போனுக்கு வந்தது.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே வேலை பார்ப்பாள். அது கேட்டு எழுதும். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கும். "அடுத்தது கதவு சென்சார்" என்று நினைவூட்டும். அவள் பதில் போட மறந்த செய்திகளுக்குப் பதில் போடும். பாதியில் விட்ட வாக்கியங்களை, அவள் நடையிலேயே, முடித்துவைக்கும். கடைசி இரண்டையும் கருவியின் செட்டிங்ஸில் போய்த் தேர்ந்தெடுத்தவள் அவளேதான்.*

* இதை அடிக்குறிப்பாக எழுதக் காரணம், பின்னால் யாரும் கருவியை மட்டும் திட்டக் கூடாது. இரண்டு வருடம் அவள் அழாமல் வேலைக்குப் போய்வந்தாள். அது எனக்குப் பெரிய விஷயம்.

3

போன மாதம் அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்துக்குச் சான்றிதழ் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்த அறிக்கை கண்ணில் பட்டது. "பிரேக் சோதிக்கப்பட்டது. பிடிமானம் நல்ல நிலையில் உள்ளது."

இன்னொரு முறை படித்தாள். சோதித்த ஞாபகம் இல்லை. அதைச் சொன்ன ஞாபகமும் இல்லை.

ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டாள். அவள் குரல்: "பிரேக்..." பிறகு பதினொரு நொடி மௌனம். பிறகு, "கதவு சென்சார் சரி."

கருவியிடம் கேட்டாள். அது பதவிசாகப் பதில் சொன்னது: "நீங்கள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வழக்கமாக நீங்கள் சொல்வதை வைத்து நான் முடித்தேன். நீங்கள் கையெழுத்திட்டீர்கள்."

"அந்த மௌனத்துல ஒரு சத்தம் கேக்குதுண்ணா" என்றாள் என்னிடம். "டக்குனு. பிரேக் விழுந்து பிடிக்கிற சத்தமா இருக்கலாம். இல்ல, நான் டார்ச்ச அணைச்ச சத்தமா இருக்கலாம். நாப்பது தடவ கேட்டுட்டேன்."

"உனக்கு எதுன்னு தோணுது?"

"இருபது தடவ பிரேக். இருபது தடவ டார்ச். அப்புறம் அந்த மௌனத்துக்குள்ள யாரோ நின்னு நான் முடிப்பேனான்னு காத்துட்டு இருந்த மாதிரி..."

மீதியைச் சொல்லாமல் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போய்விட்டாள்.

4

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே?

இரண்டு முறை கிளம்பினாள். ஒரு முறை பாதி வழியில் வேறொரு கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு முறை எங்கே போகக் கிளம்பினோம் என்பதே நழுவிவிட்டது. கருவியிடம் நினைவூட்டச் சொன்னாள். "அந்தக் கட்டடத்தின் பணி முடிந்துவிட்டது. முடிந்த பணிக்கு நினைவூட்டல் தேவையில்லை" என்றது. போதாததற்கு, ஓடுகிற லிஃப்டை நிறுத்த அலுவலகத்துக்குக் காரணம் எழுத வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினால் உரிமம் அன்றோடு சரி.

5

முடிவு ஒன்று: போய்ப் பார்க்கிறாள், பிரேக் நன்றாக இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பமுடியவில்லை.

முடிவு இரண்டு: போய்ப் பார்க்கிறாள், பிரேக்

இங்கே எழுதுவதை நிறுத்தினேன். இந்தக் கதையை நானும் அப்படியொரு கருவியில்தான் தட்டிக்கொண்டிருந்தேன். 'பிரேக்' என்று முடித்து விரலை எடுத்ததும், சாம்பல் நிறத்தில் மீதி வந்து நின்றது: 'சோதிக்கப்பட்டது. பிடிமானம் நல்ல நிலையில் உள்ளது.'

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். அறிக்கையின் அந்த வரியை மேலே அப்போது நான் இன்னும் எழுதியிருக்கவில்லை; என் தங்கையின் அறிக்கையை அதற்கு நான் காட்டியதும் இல்லை.

6

இன்று காலை பத்து மணிக்கு அவளை அழைத்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எடுக்கவே மாட்டாள். செய்தி அனுப்பினேன்: "உரிமம் போனாப் போகுது. லிஃப்ட நிறுத்திட்டியா?"

அனுப்பிய கையை எடுப்பதற்குள் பதில் வந்தது.

"நிறுத்திட்டேன் அண்ணா. இனிமே பயமில்ல. நீ கவலைப்படாதே."

பெருமூச்சு விட்டேன். கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று, வெட்கமில்லாமல், சந்தோஷமும் பட்டேன். அப்புறம்தான் அதை மறுபடி படித்தேன். மூன்று வாக்கியம். மூன்றும் முழுசு. அவள் எழுதியிருந்தால் ஒன்றாவது பாதியில் நின்றிருக்கும்.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அந்தக் கட்டடத்துக்கு ஓடினேன்.

7

லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. எண்கள் இறங்கி, அடித்தளம் வரை போய், மறுபடி ஏறி வந்தன. கதவு திறந்தது. உள்ளே அடித்தளத்திலிருந்து வந்தவர்கள் நான்கு பேர், மேலே போகிறவர்கள். தோளில் தூங்கும் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, "ஏறுறீங்களா?" என்றார்.

இறங்குங்கள் என்றால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் என் தங்கை தொலைந்தாள். சொல்லாமல் விட்டால், பதினான்கு மாடி. ஒருவேளை அது பிரேக் சத்தமாகவே இருக்கலாம்.

நான் சொன்னதை இங்கே எட்டு முறை எழுதி எட்டு முறையும் அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறத்தில் ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. நல்ல வாக்கியம்தான். அதை நான் ஏற்கப்போவதில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது. நீங்களாவது சொல்லுங்கள்.