போகிக்குக் கூட்டிய தோட்டம்

தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் எல்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பொங்கலுக்கு வந்துடுவேன்னு சொன்னீங்களேம்மா. அதான் ஒரு செத்தை இல்லாம பெருக்கி வெச்சேன்," என்றாள் பாஞ்சாலை. செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பத்து சென்ட் தோட்டம் சாணம் தெளித்து, நடுவில் இருபத்தொரு புள்ளிக் கோலத்தோடு பளிச்சென்று கிடந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்லிவிட்டு வெள்ளைக்காரியான எல்கா கடல் தாண்டித் தன் ஊருக்குப் போயிருந்தாள். அப்போது தோட்டம் முழுக்க முழங்கால் உயரத்துக்குச் சருகு கிடந்தது. பாவம், பெருக்க ஆளில்லாத வீடு என்றுதான் பாஞ்சாலை நினைத்தாள்.

"எலை எல்லாம் எங்க?"

"போகியில கொளுத்திட்டேம்மா."

எல்கா கோலத்தின் மேலேயே உட்கார்ந்து மண்ணைத் தோண்டினாள். புழுதிதான் வந்தது.

"எங்க ஊர்ல பனி விழுந்தா மண்ணு செத்துடும். எலையால போர்வை போடுவோம். இங்க வெயிலுக்குப் போட்டேன். ரெண்டு வருஷமா சேத்தது, பாஞ்சாலை."

அவள் திட்டவில்லை. பாஞ்சாலைதான் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். கூடையைத் தீயில் கவிழ்த்தபோது சருகோடு சருகாக மண்புழுக்கள் நெளிந்தது கண்ணுக்குள் வந்தது. புழு வைத்த குப்பை ஒழிந்தது என்று துடைப்பக் கட்டையால் உள்ளே தள்ளிவிட்டவள் அவள்தானே? இந்தக் கோடைக்குச் செடிகள் பிழைக்காவிட்டால் இடத்தைத் திருப்பி வாங்கி லாட்ஜ் கட்டப்போவதாக இடத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த மனைக்காரர் சக்கரபாணி சொல்லியிருந்தது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. அடுப்பில் வைக்கும் விறகைக்கூட உதறிப் பார்த்துவிட்டுத்தான் செருகினாள்.

தைப்பூசப் பௌர்ணமி முடிந்த காலையில் கிரிவலப் பாதையோரம் அன்னதானத்துத் தையல் இலைகளும் தொன்னைகளும் மலைமலையாகக் கிடந்தன. பாஞ்சாலை சாக்கை விரித்தாள்.

பூ விற்கும் நாத்தனார் வெள்ளையம்மாள் ஓடிவந்தாள். "இன்னா அண்ணி, வெள்ளக்காரி கஞ்சி ஊத்தலியா? எச்சி எலை பொறுக்க வந்துட்ட! எங்கண்ணன் மானம் போவுது!"

"அவ ஊத்துறா. நான்தான் அவ சோத்துல நெருப்ப அள்ளிக் கொட்டிட்டேன்."

"பைத்தியம் புடிச்சிருக்கு உனக்கு."

"இருக்கட்டும். சாக்கு வாய கொஞ்சம் புடி."

வெள்ளையம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு கையால் பிடித்தாள்.

ஆறு சாக்கு. தோட்டத்துச் செடிகளின் காலடியில் பாஞ்சாலை கொட்டிக்கொண்டிருந்தபோது எல்கா வெளியே வந்தாள். புளிசாதம் ஒட்டிய ஒரு தொன்னையை எடுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்திலேயே குந்தி, ஒவ்வொன்றாக மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள். பாஞ்சாலையும் அப்படியே கவிழ்த்தாள். மங்கிப்போயிருந்த பொங்கல் கோலம் புள்ளி புள்ளியாக இலைக்கடியில் மறைந்துகொண்டிருந்தது. கடைசிப் புள்ளியின் மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்து பருக்கை தேடியது.