பைக்கு ஒரு நாற்காலி

பல்கலைக்கழகத்திலிருந்து ஒருத்தி வந்து நாங்கள் காபி குடிப்பதைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போகிறாள் என்றதும் முதலில் கேலி செய்தவள் நான்தான்.

"அதுக்கு ஒரு படிப்பா? அப்படின்னா எங்க வீட்டுப் பூனை எப்பவோ பட்டம் வாங்கியிருக்கணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்லாந்தின் ஊலு நகரில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் ஆலை எங்களுடையது. பன்னிரண்டு பேர், நான் மேற்பார்வையாளர். வந்தவள் பெயர் எய்லா. ஏழு வாரம் இடைவேளை அறையின் மூலையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

எங்களில் தைமி மட்டும் புதியவள், நான்கு மாதத் தற்காலிக வேலை. அவள் நிரந்தரமாவது என் கடிதத்தைப் பொறுத்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எங்களோடு உட்காரவே மாட்டாள். காபியை ஊற்றிக்கொண்டு உலர்த்தும் அறை வாசலுக்குப் போய்விடுவாள். தலைக்கனம் என்று நானே முடிவு கட்டினேன். 'குழுவோடு ஒட்டுவதில்லை' என்று மேலாளருக்கு எழுதி அனுப்பினேன். அதோடு அவள் வேலை போயிற்று.

தைமியின் கடைசி நாளன்றுதான் எய்லா தான் கண்டதைச் சொல்ல வந்தாள். தைமி கோப்பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"பேர் சொல்ல மாட்டேன். ஒருத்தங்க முப்பத்து நாலு நாளும் நின்னுக்கிட்டேதான் குடிச்சாங்க" என்றாள் எய்லா. "முதல் வாரம் தினமும் மேசைகிட்ட வந்தாங்க, பார்த்தாங்க, திரும்பிப் போயிட்டாங்க. அவங்க குணமே அப்படித்தான்னு நானும் நினைச்சேன். அப்புறம்தான் நாற்காலிய எண்ணினேன். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு நாற்காலி. ஆனா ஒண்ணுல எப்பவும் ஒரு பை இருந்துச்சு."

எங்களில் ஒருவனான மார்ட்டி மெல்ல என் பக்கம் திரும்பினான்.

"ஹில்க்கா, அது உன் பின்னல் பைதானே?"

என் பைதான். அப்போதும் பாதி பின்னிய காலுறையோடு என் பக்கத்து நாற்காலியில் சொகுசாக இருந்தது. தரை ஈரம், நூல் நனைந்துவிடும் என்று ஆறு வருடமாக அங்கேயே வைக்கிறேன். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"தைமி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன். கேட்டபோதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேருந்தில் பக்கத்து இருக்கையில் பை இருந்தால், எடுங்கள் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஊர்வரை நின்றே வருகிறவள் நான்.

"நான் உட்காரக் கூடாதுன்னுதான் வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மேலாளர்கிட்ட இப்பவே போய்ச் சொல்றேன். நான் எழுதினது தப்பு."

"வேணாங்க. சாப்பாட்டுக்கூடம் ஒண்ணுல வேலை கிடைச்சிருச்சு. திங்கட்கிழமை சேரணும்."

பையை எடுத்து ஈரத்தரையில் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். தைமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இடைவேளை முடிய இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்று வந்து உட்கார்ந்தாள்.