வளைவில் நின்ற இறக்கை

ருதைனா காப்பியைக் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தாள். உம்மு நயீஃப் அதைப் பார்க்காததுபோல் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

வெளியே, ஜோர்டானின் தஃபிலா மலைச்சாலையின் கடைசி வளைவில், காற்றாலையின் முதல் இறக்கையை ஏற்றிவந்த லாரி நேற்றிலிருந்து நிற்கிறது. அத்தனை நீள இறக்கை திரும்ப வேண்டுமென்றால், விதவையான உம்மு நயீஃபின் கல்சுவரில் ஒரு மூலையைப் பிரித்து, கொண்டைக்கடலை வயலோரமாகப் போகவேண்டும். நேற்று கம்பெனி ஆண்கள் அவள் கொழுந்தன் முத்லக்கின் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். வேண்டி வந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேண்டியது கிடைக்கும்வரை காப்பியைத் தொடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மேலாளரோ பேச்சு மும்முரத்தில் மடக்கென்று குடித்துவிட்டார். "குடிச்சாச்சுல்ல? அப்போ கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்று முத்லக் சிரித்தபடி அனுப்பிவிட்டார்.

இன்றும் வழி கிடைக்காவிட்டால் காற்றாலை அடுத்த மலைக்குப் போய்விடும். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்ப் பெண் ருதைனா, ஊரை விற்க வந்தவள் என்ற ஏச்சைச் சுமந்துகொண்டு வீடுவீடாக ஏறியிறங்கிச் சம்மதம் வாங்கியதெல்லாம் வீண்.

"பொம்பள தனியா வந்து கோப்பைய கீழ வைக்கிற வழக்கம் எந்த ஊருல இருக்கு?"

"எங்கயும் இல்ல சாச்சி. நான்தான் வெச்சேன்."

"முத்லக்கிட்ட போகவேண்டியதுதானே? எல்லாரும் அங்கதானே போறாங்க."

"வயலு உங்களோடது. அவர எதுக்குக் கேக்கணும்?"

சொன்ன பிறகுதான் ருதைனாவுக்கே உறைத்தது. இத்தனை நாளும் எத்தனை வாசல்களில் நின்று, "வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்களா?" என்று கேட்டிருப்பாள்!

உம்மு நயீஃப் தரையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"குழாய் பதிச்சாங்க, கம்பம் நட்டாங்க. எல்லாம் என் மண்ணுலதான். காப்பி மட்டும் அவன் வீட்டுல." கோப்பையைத் தானே எடுத்து நீட்டினாள். "குடிம்மா. ஆறின காப்பி குடுத்தேன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிடுவா."

சுவரின் முதல் கல்லை உம்மு நயீஃபே பெயர்த்தாள். முத்லக் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு இடிக்கிறாங்க?"

"என்னைக் கேட்டாங்க."

லாரி உறுமி நகர்ந்தது. வெள்ளை இறக்கை மெல்லத் திரும்பி வயலின் மேல் வந்தது. அது எவ்வளவோ உயரத்தில்தான் போயிற்று. ஆனாலும் முத்லக் குனிந்துகொண்டார். மொட்டைமாடிகளில் பெண்கள் குலவையிட்டார்கள். ருதைனாவும் நாக்கைச் சுழற்றினாள். லாரிக்கு முன்னால், இடுப்பில் ஒரு கல்லை இடுக்கியபடி, மறுகையால் 'வா, வா' என்று அழைத்துக்கொண்டே உம்மு நயீஃப் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.