ஓர் அறைக்கான சிகிச்சை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. தென்காசி பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது, சிகிச்சையாளர் ஒருவர் சொன்னது. நோயாளியின் பெயரைக் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார். அதனால் பெயர்களெல்லாம் நான் வைத்தவை. சிகிச்சையாளருக்கு ரெபேக்காள். (கதைக்குள் போனதும் ‘அவள்’ என்று எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்வார்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1984ஆம் வருஷம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், மலை முகட்டில் மேகம்…’

வேண்டாம். மேகத்துக்கு இங்கே வேலையில்லை. வேலை கேட்டு வந்தவர்கள் வேறு.

2

ஆஸ்பத்திரியில் ரெபேக்காளின் அறை வாசலில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று பலகை மாட்டினார்கள். மறுநாளே சான்றிதழ்களோடு வரிசை நின்றது. சுரண்டைக்காரர் ஒருவர், தன் மகளுக்கு டைப்ரைட்டிங் தெரியும் என்றார்.

“நான் வேலை குடுக்கவ இல்ல அண்ணாச்சி. வாதம் வந்து கைகால் விழுந்தவங்களுக்கு, சட்டை போட, சோறு திங்கப் பழக்குதேன்.”

“சோறு திங்கதுக்குப் படிப்பா?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

3

வடகரை சுந்தரபாண்டியனுக்கு வலது பக்கம் விழுந்திருந்தது. நாக்கு முதலில் திரும்பியது. கை திரும்பவில்லை. ரெபேக்காள் டம்ளரைக் கொடுத்தாள், பாசிமணியைக் கொடுத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இந்தக் கை சரியானா மொதல்ல என்ன செய்யணும் அண்ணாச்சி?”

“என் மச்சினன அறையணும்.”

மச்சினன் பேச்சிமுத்து பக்கத்தில்தான் நின்றான், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு. அத்தான் நினைவில்லாமல் கிடந்தபோது, ஊட்டுகிற கஞ்சி ஒட்டுகிறதே என்று அவருடைய மீசையை மழித்தவன் அவன்.

(சொத்துத் தகராறாக மாற்றலாமா என்று யோசித்தேன். வாசகர் உடனே நம்புவார். ஆனால் நடந்தது மீசைதான்.)

4

நோயாளிக்கு எது முக்கியமோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ரெபேக்காள் படித்திருந்தாள். அது அறையாக இருந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரவில்லை. பெரிய டாக்டர் சத்தம் போட்டார். “இது ஆஸ்பத்திரியா, கோதாவா? இன்னொரு தடவை கேள்விப்பட்டா நீ ஊருக்குப் போயிரலாம்.”

அவள் பேச்சிமுத்துவிடம் போனாள். “ஒருத்தர அடிக்கதுக்கு நான் பழக்கக் கூடாது. நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க.”

“என்னம்மா இது? அத்தானுக்குக் கை வந்தாப் போதும். கன்னம் என் கன்னம்தான?”

ஆகவே மறுநாள், பெரிய டாக்டர் சுற்றி வந்து போன பிறகு, குளுக்கோஸ் கம்பியில் ஒரு தலையணை தொங்கியது. தோளை உயர்த்த வேண்டும், முழங்கையை நீட்ட வேண்டும். எல்லாவற்றிலும் கஷ்டம், மடங்கிக் கிடந்த விரல்களை விரிப்பது. மூடிய கையால் அறைய முடியாதே.

“அத்தான், இன்னும் கொஞ்சம் ஒசத்தணும். நான் இவ்ளோ குட்டையில்ல” என்று பேச்சிமுத்து ஊக்கப்படுத்தினான்.

“பொறுலே. வருதேன்.”

பக்கத்துக் கட்டில் ஹைருன் பீவி, தலையணைக்காக துஆ செய்தாள். அந்த மாதத்திலேயே சுந்தரபாண்டியன் டம்ளரைத் தானே பிடித்துக் காபி குடித்தார். அதை யாரும் கவனிக்கவில்லை, ரெபேக்காளைத் தவிர.

5

வீட்டுக்குப் போகிற நாளில் அவர் குற்றாலம் போயே ஆக வேண்டும், அறைவது அங்கேதான் என்றார். வழுக்குப் பாறை. ரெபேக்காளும் கூடப் போனாள். அருவிக்கு எட்ட நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினான். குளிக்க வந்த கூட்டம், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டது.

கை எழுந்தது. முழங்கை நீண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

அ) ‘பளீரென்று ஓர் அறை. பேச்சிமுத்து அழுதுகொண்டே சிரித்தான்…’

ஆ) ‘கை மெல்ல இறங்கி, மச்சினனின் ஈரத்தலையைத் தடவி…’ இது சினிமா. இரண்டையுமே அடித்துவிட்டேன்.

6

“பெறவு என்னம்மா ஆச்சு?” என்று பஸ் நிலையத்தில் கேட்டேன்.

“கை ஒசந்துச்சு, வெரல் விரிஞ்சுது. அதுவரைக்கும் என் வேலை சார். அதுக்கு மேல அந்தக் கை எங்க போச்சுங்கது அவருக்கும் அவர் மச்சினனுக்கும் உள்ளது. நான் சொல்ல மாட்டேன்.”

“கதைக்குத்தாம்மா கேக்கேன்.”

“நீங்க எதுக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

செங்கோட்டை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கையை விரிந்தபடியே உங்களிடம் விடுகிறேன். நீங்கள் எங்கே கொண்டுபோனாலும், தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.