இத்தாலி மொழி படிக்க ஒரு காரணம்

எங்கள் கல்லூரி கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே சிமெந்தும் ஆணியும் விற்கும் உதயராஜ் முதலாளிதான் மேலே டிரெக்டர். நான் ஞானப்பிரகாசம், இத்தாலிய மொழி மற்றும் கலாசாரப் பிரிவின் தலைவர். பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் தலைவராவதில் சிரமம் இருக்கவில்லை. நேப்பிள்ஸில் ஒன்பது வருடம் ஒரு கிழவரைக் குளிப்பாட்டித் துடைத்ததுதான் நான் வாங்கிய பட்டம்.

சேர்கிறவர்கள் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. “இத்தாலிய மொழியையும் கலாசாரத்தையும் ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?” பிள்ளைகள் தடுமாறக்கூடாதே என்று முதலாளி பதிலையும் போர்டில் எழுதிப்போடுவார். “இத்தாலியின் ஓவியத்திலும் சிற்பத்திலும் சிறுவயது முதலே எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு.” இந்த வருடம் இருபத்துமூன்று பேருக்கு அந்தத் தீராத ஈடுபாடு இருந்தது. சுதர்சன் என்றொரு பையன், பதிலுக்குக் கீழே முதலாளி எழுதியிருந்த “இதை உங்கள் சொந்த வசனத்தில் எழுதவும்” என்பதையும் சேர்த்தே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

ஓவியமாவது ஒன்றாவது. ரப்பர்த் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கு வேண்டியது அங்கே ஒரு வீடு, அந்த வீட்டில் கட்டிலை விட்டு எழும்ப முடியாத ஒரு கிழம். இது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே கலாசாரப் பாடத்தில் நான் தலையணைக்கு பம்பர்ஸ் கட்டிக் காட்டுவேன். பிள்ளைகள் பயபக்தியோடு குறிப்பெடுப்பார்கள்.

இருபத்துநான்காவது படிவம் ரோஷானியுடையது. புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டம், பத்தொன்பது வயது, அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். அவள் போர்டைப் பார்க்கவே இல்லை. “என் அம்மா பதினொரு வருடமாக இத்தாலியில், சிஞ்ஞோரா என்று அவர் கூப்பிடும் ஒரு வயதான வீட்டுக்காரம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு தடவைதான் வீட்டுக்கு வந்தார். போனில் பேசும்போது அந்த சிஞ்ஞோரா பின்னாலிருந்து ஏதோ சொல்வார், அம்மாவும் பதில் சொல்வார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால், ‘உன்னைத்தான் விசாரிக்கிறாங்க, உன் மேல அவ்வளவு பாசம்’ என்பார். அது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.”

முதலாளி அதை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்னங்க மாஸ்டர், இதெல்லாம் ஒரு காரணமா? கலாசாரமே இல்லையே!”

அந்தக் கலாசாரம் இல்லாத பிள்ளைதான் படித்தாள். மற்றவர்கள் ஒன்று முதல் பத்து வரை எண்ணத் திணறிக்கொண்டிருக்க, எட்டு மாதத்தில் அவள் என்னோடு சண்டை போடும் அளவுக்குப் பேசினாள். அம்மா எஸ்தருக்கு இது எதுவும் தெரியாது. கம்பியூட்டர் படிப்பதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் இத்தாலியன் பேசும் விஷயம் காதில் விழுந்ததும் முதலாளிக்கு விளம்பர ஆசை வந்துவிட்டது. “கிளாஸ்ல வச்சே அம்மாவுக்கு வீடியோ கோல் எடும்மா. நீ அந்த சிஞ்ஞோராகூடப் பேசு, நான் எடுத்து ஃபேஸ்புக்ல போடுறேன். ஹரியா?” ரோஷானி இரண்டு வாரம் நான்கு வசனத்தை மனப்பாடம் செய்தாள். முதல் வசனம், “வணக்கம் சிஞ்ஞோரா, நான் எஸ்தரின் மகள்.”

சனிக்கிழமை கோல் எடுத்தாள். போனைச் சாய்த்து வைத்து நடுவில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். முதலாளி தன் போனால் படம் பிடித்தார்.

“என்ன பாப்பா, கம்பியூட்டர் கிளாஸ்லயா இருக்க? சாப்பிட்டியா?” என்றார் எஸ்தர்.

பின்னாலிருந்து கிழவியின் குரல் இத்தாலியனில் கேட்டது. “யாரோடு பேசுகிறாய்? யார் அந்தப் பெண்?”

எஸ்தர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழகிய வாயால் இத்தாலியனிலேயே சொன்னார். “என் அக்காவின் மகள், சிஞ்ஞோரா. எனக்குத்தான் பிள்ளைகள் இல்லையே.”

பிறகு தமிழில், “ஒன்னத்தான் விசாரிக்கிறாங்க பாப்பா” என்று சிரித்தார்.

வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பிள்ளைகுட்டி இல்லாதவள் லீவு கேட்கமாட்டாள், ஊருக்கு ஓடமாட்டாள் என்று அங்கே வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் சொல்லிக்கொடுக்கும் முதல் பொய் அதுதான். நானே ஒன்பது வருடம் அந்த ஊரில் பிரம்மச்சாரியாக இருந்தேன், இங்கே என் மனைவி இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லாமல் பிழைக்க முடியாத பிழைப்பு அது. அதற்குத்தான் நான் கலாசாரம் என்று பெயர் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ரோஷானி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பேசும்மா, பேசு!” என்று முதலாளி அவசரப்படுத்தினார்.

அவள் போனை நோக்கிக் குனிந்து இத்தாலியனில் பேசினாள். “வணக்கம் சிஞ்ஞோரா. நான் எஸ்தரின் அக்கா மகள்.”

எஸ்தரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கிழவி அவர் கையிலிருந்த போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெள்ளைத் தலைமுடி, பொக்கை வாய், நிறைந்த சந்தோஷம். அவள் தோளுக்குப் பின்னால் எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“அடடா, எவ்வளவு அழகாகப் பேசுகிறாய்! உன் அம்மா கொடுத்துவைத்தவள். அவள் எங்கே, கண்ணே?”

ரோஷானி கிழவிக்குப் பின்னால் நின்ற அம்மாவையே பார்த்தாள்.

“வேலைக்குப் போயிருக்கிறார், சிஞ்ஞோரா” என்றாள்.

“வந்ததும் நான் விசாரித்ததாகச் சொல்.”

“வந்ததும் சொல்கிறேன்.”

முதலாளி கைதட்டினார். இருபத்துமூன்று பேரும் சேர்ந்து தட்டினார்கள்.