இழைத்து மறைத்த தேக்கு

காசிநாதனுக்கு அன்றைக்கு வாயைத் திறக்கக்கூடச் சோம்பலாக இருந்தது. விடியலில் கடலூர் முதுநகரில் தேக்கு வாசல் நிலையை ஏற்றி, உளுந்தூர்பேட்டை நெரிசலில் இடுப்பு விட்டுப்போய், கள்ளக்குறிச்சியில் பூசைச் சாமான்களோடு காத்துநின்ற பெண்டாட்டி செல்லியம்மாளையும் ஏற்றிக்கொண்டு கல்வராயன் அடிவாரம் வந்தால், வனத்துறைச் செக்போஸ்ட்டில் குட்டியானை வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள்.

விடிந்தால் புது வீட்டுக்கு நிலை வைக்க வேண்டும். காவலரோ மரத்தை முகர்ந்து பார்த்தார். போன மாதம்தான் மலைமேலே தேக்கு திருட்டு வெட்டுப் போயிருக்கிறதாம். இது புதுசாக இழைத்த மரமாம். ரசீது இல்லாவிட்டால் இறக்கு என்றார்.

ரசீதுக்கு எங்கே போவது? 'பழைய மரம்' என்று எழுதியிருந்த அதைத்தான் மனுஷன் கடலூரிலேயே கிழித்துப் போட்டுவிட்டாரே! இடித்த வீட்டு மரத்தில் தலைவாசல் வைத்தால் அந்த வீட்டுக் கண்ணீரும் கூடவே வந்துவிடும் என்பது செல்லியம்மாள் பிறந்த வீட்டு நம்பிக்கை. புது மரம் வாங்க இவருக்கு வக்கில்லை. ஆணி ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, வழவழவென்று இழைத்து, புதுசு என்று அவளிடம் புளுகிவிட்டார். இழைத்ததே வினையாகும் என்று கண்டாரா? வாயை மூடிக்கொண்டால் மரம் போச்சு. திறந்தால் பெண்டாட்டி முகத்தில் விழிக்க முடியாது.

கடைசியில் வீட்டுச் சாவியால் ஓர் ஓட்டையைச் சுரண்டினார். பசை உதிர்ந்து உள்ளே துருக்கறை தெரிந்தது.

"பழசுங்க. கடலூர் துறைமுகத்துக் கிடங்கு உத்தரம்" என்றார், செல்லியம்மாள் பக்கம் பார்க்காமல்.

அப்புறம் மரக்கடைக்காரர் அளந்த கதையை எல்லாம் ஒப்பித்தார். இந்த மலைத் தேக்கு மாட்டுவண்டியில் துறைமுகத்துக்குப் போனதாம். அதை நம்பித்தான் கிடங்குகளும் தோணி கட்டும் பட்டறைகளும் வந்தனவாம், மர வியாபாரிகள் வீடு கட்டக் கட்டத் தெருத் தெருவாக ஊர் பெருத்ததாம். கப்பல் வரத்து நின்றதும் எல்லாம் படுத்துவிட்டதாம். காவலர் இன்னும் இரண்டு ஓட்டைகளைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

வண்டி நகர்ந்தது.

"அந்தக் கிடங்குல யாரு குடியிருந்தாங்க?" என்றாள் செல்லியம்மாள்.

"யாரும் இல்ல. மரம்தான் அடுக்கி வச்சிருந்தாங்க."

"அப்ப அழறதுக்கு அங்க ஆளே இல்லியே. இத எதுக்குய்யா எங்கிட்ட மறைச்சிக்கினு வந்த?"

முன்னாலேயே சொல்லியிருந்தால் ரசீதும் கையில் இருந்திருக்கும். இவ்வளவு களைப்பும் தண்டம்.

"நாளைக்கு நிலைய வச்சிடலாம்" என்றாள் அவள். "அந்த மூணு ஓட்டைய மட்டும் அடைக்காத. வூட்டுக்குள்ள போறப்ப வரப்ப நீ பாத்துக்கினே இருக்கணும்."