அண்ணி கேட்ட ஸ்பீட் கண்ட்ரோல்

யாருக்குத் தோள் வலிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பட்டறையில் எந்த வேலையும் நடக்கும். அண்ணிக்கு வலித்தால் தைலம். கொழுந்தனுக்கு வலித்தால் புது மெஷின்.

பட்டறையில் மூன்று பேர். அண்ணியின் புருஷன் வெல்டிங் பார்ப்பான், வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவான். புருஷனின் தம்பி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இரும்பு கடைகிற லேத்தில் நிற்பது அவள். ஒன்பது வருஷமாக அவள்தான் நிற்கிறாள். கொழுந்தன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், கடைவதற்கு இரும்பைத் தூக்கிக்கொண்டு வருகிற நரைத்த ஆட்கள்கூட அவளை அண்ணி என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

அந்த லேத் அவளைவிட வயதில் மூத்தது. வேகத்தை மாற்ற வேண்டுமானால் அதை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போக வேண்டும். மோட்டாரை ஒரு கையால் நெம்பித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டை ஒரு புல்லிச் சக்கரத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. சாயங்காலம் தலை வாரக் கையைத் தூக்கினால் தோளில் ஊசி குத்தும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவையாகக் கேட்டாள். "மோட்டாருக்கு ஒரு ஸ்பீட் கண்ட்ரோல் போட்டுக் குடு தம்பி. குமிழத் திருப்புனா வேகம் மாறணும். மத்த எடத்துலல்லாம் வச்சிருக்காங்க."

"பழைய மோட்டார் அண்ணி. தாங்காது" என்றான்.

அடுத்த வருஷம் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றான். அதற்கடுத்த வருஷம் புருஷன் முந்திக்கொண்டு, "பெல்ட் மாத்துறது உடம்புக்கு நல்ல பயிற்சிதானே" என்றான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துத் தொலைத்தாள். அப்படிச் சிரித்ததற்காக இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம்.

பிறகு தங்கையின் பிரசவத்துக்குப் பன்னிரண்டு நாள் போய்விட்டு வந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் லேத்தில் கொழுந்தன் நின்றான். மூன்றாம் நாள் அவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் ஸ்பீட் கண்ட்ரோல் வாங்க ஆள் போயாகிவிட்டது. தாங்காது என்று சொன்ன அதே பழைய மோட்டார், இப்போது சமர்த்தாகத் தாங்கியது.

அவள் திரும்பி வந்த அன்று காலையில் பட்டறைக்குள் கால் வைத்ததுமே அது கண்ணில் பட்டது. லேத்துக்கு மேலே சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. முன்னால் கறுப்புக் குமிழ், பக்கத்தில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். கொழுந்தன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி. எப்படி இருக்கு? அந்த பெல்ட்டு இருக்கே, சனியன். ரெண்டே நாள்ல கையத் தூக்க முடியல. இத எப்படித்தான் ஒரு மனுஷன் தெனமும் மாத்துவான்னு நெனச்சேன்."

"மனுஷன் மாத்தல. நான் மாத்துனேன்" என்றாள்.

அது அவன் காதில் ஏறவில்லை. புருஷன் டீ கிளாஸோடு லேத்துக்கு முன்னால் வந்து வாகாக நின்றுகொண்டான், வேடிக்கை பார்க்க. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதை இருவரில் ஒருவனாவது பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

கொழுந்தன் பச்சைப் பட்டனை அமுக்கிக் குமிழைத் திருப்பினான். லேத் மெதுவாக எழுந்து, முனகி, வேகம் பிடித்தது. சக், அதாவது வேலை செய்யும் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தப் பெரிய தலை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் ஓடியது. அந்த அழகே அவள் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

"நேத்து மெதுவா ஓட்டித்தான் பாத்தேன். இன்னிக்குத்தான் முழு வேகம். நிக்கிறதப் பாருங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "முன்னெல்லாம் அது சுத்தி அடங்குற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். இப்ப பிரேக் வச்சிருக்கேன். ஒரே செகண்டு. டக்குனு நிக்கும்."

அவள் கண் சட்டென்று சக்குக்குப் போனது.

அந்தப் பழைய லேத்தில் சக்கைப் பிடித்து வைத்திருப்பது வெறும் மரைதான். போல்ட்டும் கிடையாது, ஆணியும் கிடையாது. பாட்டிலுக்கு மூடி போடுகிற மாதிரி திருகி மாட்டியது. கடையும்போது அது இறுகும். ஆனால் உள்ளே சுற்றுகிற தண்டு மட்டும் சட்டென்று நின்றால், சக் தன் வேகத்தில் தொடர்ந்து சுற்றித் தானாகவே கழன்றுகொள்ளும். பதினாலு கிலோ இரும்பு. மோட்டாரைத் தெரிந்தவனுக்கு இது தெரியாது. லேத்தில் நிற்கிறவளுக்குத் தெரியும்.

"நேத்து சக்கக் கழட்டுனியா?"

"ஆமா, தொடச்சுட்டுக் கையாலதான் திருகி மாட்டுனேன்."

"நிறுத்தாத தம்பி. ஏங்க, நீங்க அங்கேருந்து தள்ளுங்க."

"ஏன் அண்ணி, பயமா?"

"அவ அப்படித்தான் சொல்லுவா, நீ அமுக்கு" என்றான் புருஷன், நின்ற இடத்தைவிட்டு நகராமல்.

கொழுந்தனின் விரல் சிவப்புப் பட்டனுக்குப் போவதற்குள் அவள் இரண்டே எட்டில் சுவரருகே போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். பெட்டியில் விளக்கு அணைந்தது. கரண்ட் போனதால் பிரேக் பிடிக்கவில்லை. லேத் பழையபடி தன் போக்கில் சுற்றிச் சுற்றி, ஒரு வழியாக அடங்கியது.

"என்னடி பண்ற?" என்றான் புருஷன்.

அவள் சக் மாற்றும்போது போடுகிற இரண்டு பலகைகளை எடுத்து, சக்குக்குக் கீழே லேத்தின் மேல் போட்டாள். புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசற்படியில் நிறுத்தினாள். கொழுந்தனையும் விரலைக் காட்டியே அங்கே துரத்தினாள். சுவிட்சை ஏற்றினாள். குமிழைப் பாதிக்கும் கீழே வைத்து ஓட்டி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, கையை நீட்டிச் சிவப்புப் பட்டனை அமுக்கினாள்.

தண்டு டக்கென்று நின்றது. சக் நிற்கவில்லை. விறுவிறுவென்று சுற்றிக்கொண்டே முன்னால் நகர்ந்து வந்து, மரையை விட்டு, பலகையில் விழுந்தது. பலகை இரண்டாகப் பிளந்தது. சக் துள்ளித் தரையில் இறங்கி, சற்றுமுன் புருஷன் நின்றிருந்த இடத்தின் மேலாக உருண்டுபோய், வெல்டிங் மேசைக் காலில் மோதிச் சாய்ந்தது.

புருஷன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றான் கொழுந்தன்.

"இப்பத்தான் சொன்னேன். பயமான்னு கேட்ட." அவள் பிளந்த பலகையைக் காலால் தள்ளினாள். "வாங்குறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். நாலு வருஷமா நான் கேக்குறேன், ரெண்டு பேரு காதுலயும் விழல. உன் தோளு மூணு நாள் வலிச்சுது, உடனே விழுந்துடுச்சு."

"சரி விடு" என்றான் புருஷன், சமாதானக் குரலில். "எப்படியோ, நீ கேட்டது கெடச்சுடுச்சுல்ல."

"நான் கேட்டது எங்கங்க கெடச்சுது? தம்பி கேட்டது கெடச்சிருக்கு. அதத் தொட எனக்கும் ரெண்டு பேரும் அனுமதி குடுத்திருக்கீங்க, அவ்வளவுதான்."

கொழுந்தன் பெட்டியைத் திறந்தான். அவள் பக்கத்திலேயே நின்று சொல்லச் சொல்ல, நிற்கிற நேரத்தை ஒரு செகண்டிலிருந்து இருபது செகண்டாக மாற்றினான். பின்பக்கமாகச் சுற்ற வைக்கிற வசதியையும் அடைக்கச் சொன்னாள். அதிலும் சக் கழன்றுவிடும். ஏன் என்று அவன் இந்தத் தடவை கேட்டான், கேட்டுவிட்டுப் பதிலை முழுசாகக் காது கொடுத்தும் கேட்டான். அண்ணனும் தம்பியுமாகச் சக்கைத் தூக்கிக் கொடுக்க, அவள் மரையைத் துடைத்து, திருகி, இறுக்கினாள்.

மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். கொழுந்தனின் விரல் சிவப்புப் பட்டன் வரைக்கும் போய், தொடாமல் நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"நிறுத்தவா அண்ணி?"

இந்த ஒரு கேள்வியை இவன் வாயிலிருந்து வரவைக்க இவ்வளவு பெரிய இரும்பு தரையில் விழ வேண்டியிருந்ததே என்று நினைத்ததும், ஆறத் தொடங்கியிருந்த கோபம் அவளுக்குத் திரும்பவும் தலைக்கேறியது. அவன் விரலை நீட்டியபடியே காத்திருந்தான். கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.